ஒரு பனை ஆழம்

எங்கள் ஊரில் கடல் காணாமல் போனது முதலில் ஓர் அலுமினியச் சட்டிக்குள்தான் நடந்தது. அதுவும் ஊரில் அல்ல, தூத்துக்குடியில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு கடை வாசலில், வெயில் தலைக்கு நேரே நின்ற வேளையில், இஸ்ரவேல் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து சட்டித் தண்ணீரை ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது. அவரோடு போயிருந்தவன் நான். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனவனும் நான்தான்.

இஸ்ரவேலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அவர் எங்கள் சாளைத்துறையில் பிறந்தவர் அல்ல. கரையிலிருந்து உள்ளே தள்ளி, செம்மணல் குவிந்து கிடக்கிற தேரிக்காட்டில், பனையேறுகிறவர்கள் வீட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா காலையும் மாலையும் பனை பனையாக ஏறி இறங்குவார் என்றும், அண்ணன்மார் இரண்டு பேரும் அப்படித்தான் என்றும், இவர் மட்டும் முதல் பனையிலேயே உச்சிக்குப் போய்க் கீழே பார்த்துவிட்டு, மரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியவர் பொழுது சாயும்வரை திறக்கவில்லை என்றும், அப்பாதான் ஏறிப்போய் முதுகோடு சேர்த்துக் கட்டி இறக்கினார் என்றும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு அவர், ஏறவும் வேண்டாத இறங்கவும் வேண்டாத தொழில் எது என்று கேட்டுக்கொண்டே கிழக்கே நடந்து வந்தார், கடலைப் பார்த்தார், அது தட்டையாக இருந்தது, இங்கேயே தங்கிவிட்டார். இன்னாசியம்மாளைக் கட்டினார். அவளுடைய தம்பி கஸ்பாரும் இவரும் நானும் ஒரே படகில் நாற்பது வருடத்துக்கு மேலாகப் போய்வருகிறோம், நான் எஞ்சின் பக்கம், அவர்கள் இருவரும் தூண்டில் பக்கம். பனைக்குப் பயந்தவர் மீனுக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டார் என்று கஸ்பார் கல்யாணப் பந்தியில் சொன்னதை அவன் தலை நரைத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தான். இஸ்ரவேல் அதற்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

எங்கள் தொழில் பாரில் தூண்டில் போடுவது. கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத்திட்டைப் பார் என்போம். பாருக்கு நேர் மேலே படகை நிறுத்தி, மீன் எந்தப் பொந்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அதன் வாய்க்கு நேரே இரையை இறக்க வேண்டும். காற்று அடங்கிய மாதங்களில் தண்ணீர் என்னவோ தெளிவாகத்தான் கிடக்கும். ஆனால் அதன் மேல் வெயில் ஒரு வெள்ளைத் தகட்டை விரித்துப் போட்டிருக்கும். அந்தத் தகட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்களுக்குக் கண் கெடுகிறது. இஸ்ரவேலுக்கு இடது கண்ணில், மூக்கு ஓரத்திலிருந்து, நுங்குத் தோல் போல ஒரு சதை வளர்ந்து கருமணியைத் தொட்டுவிட்டது. வலது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது.

கோயில் வளாகத்தில் நடந்த கண் முகாமுக்கு வந்த டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். இவருடைய இமையை விரித்துப் பார்த்துவிட்டு, அறுத்து எடுக்கலாம், ஆனால் கடலுக்குப் போனால் திரும்ப வளரும் என்றாள். பிறகு மெதுவாக விளக்கினாள். "கறுப்பா இருந்தா போதும்னு எதையாவது வாங்கிப் போட்டுராதீங்க பெரியவரே. கறுப்புக்குப் பின்னால கண்மணி அகலமா விரியும், வெயில் இன்னும் அதிகமா உள்ள போகும். தண்ணி மேல அடிக்கிற கூச்சத்தை எடுக்கிற கண்ணாடி தனியா இருக்கு. போலரைஸ்டுன்னு கேட்டு வாங்குங்க."

"வாங்கலேன்னா?"

"கரையில இருங்க."

கரையில் இருப்பது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். ஏலக்கூடத்துக்குப் பின்னால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு, யார் படகு வருகிறது என்று இரைச்சலை வைத்துச் சொல்லிக்கொண்டு, சாப்பாட்டுக்கு ஆள் வந்து கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்பது. இஸ்ரவேலுக்குக் கடலைத் தவிர வேறு இடம் கிடையாது. தேரிக்குத் திரும்ப முடியாது, அங்கே எல்லாம் செங்குத்தாக நிற்கிறது. கண்ணாடி வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும் ஊர்க் கமிட்டி கூடி, படகுக்கு ஒன்று என்று எல்லாப் படகுக்கும் சேர்த்து அவரையே வாங்கிவரச் சொன்னது. காரணம், கத்திரிக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாகக் காம்பைத் திருப்பிப் பார்க்கிற மனிதர் அவர். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஒரு கண்ணாடியின் விலை ஒரு கூடை சூடைமீனின் விலையைத் தாண்டக் கூடாது.

முதலில் குளிர்சாதனம் போட்ட பெரிய கடைக்குப் போனோம். அங்கே இருந்த பெண் மரியாதையாகப் பேசி முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து எதிரே வைத்தாள். இஸ்ரவேல் முகத்தைப் பார்க்கவில்லை, விலைச் சீட்டைத்தான் பார்த்தார். ஒரு கண்ணாடிக்கு இருபது கூடை மீன். வெயிலில் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்டார், கூடாது என்றாள், வெளியே வந்துவிட்டோம். அடுத்து நடைபாதைக் கடை. அங்கே எல்லாவற்றிலும் போலரைஸ்டு என்று வெள்ளிச் சீட்டு ஒட்டியிருந்தது. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக் குறுக்கே திருப்பினார். நல்ல கண்ணாடியாக இருந்தால் இரண்டும் சேர்ந்து அடுப்புக்கரி போலக் கறுக்க வேண்டும். கறுக்கவில்லை. கடைக்காரப் பையனுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

மூன்றாவது கடை பொன்ராசு என்பவருடையது. கடிகாரம், குடை, டார்ச் லைட், எலிப்பொறி எல்லாம் விற்கிற கடை. அவருடைய கண்ணாடிகள் குறுக்கே வைத்தபோது கறுத்தன. ஆனால் இஸ்ரவேலுக்கு அது போதவில்லை. மீன் கண்ணாடிக்குள் நிற்பதில்லை, தண்ணீருக்குள்தான் நிற்கிறது என்று சொல்லி, என் கையிலிருந்த சட்டியை வாங்கி, குழாயில் தண்ணீர் பிடித்து, மடியில் முடிந்து கொண்டுவந்திருந்த கல்லுப்பை ஒரு கை போட்டுக் கலக்கி, அடியில் ஐந்து சோழிகளைப் பரப்பி, தெருவில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தார். தண்ணீர் மேல் அந்த வெள்ளைத் தகடு உடனே வந்து படுத்துக்கொண்டது. பொன்ராசு, அண்ணாச்சி கண்ணாடி வாங்க வந்தீங்களா கருவாடு ஊறப்போட வந்தீங்களா என்று கேட்டார். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கூச்சப்படுகிற மனிதர்தான் அவர், காது மடல் சிவந்துபோனது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

சாம்பல் நிறக் கண்ணாடியில் சோழி தெரிந்தது, ஆனால் வரி தெரியவில்லை. மஞ்சளில் வரி தெரிந்தது, கண் கூசியது. தேன் நிறக் கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பக்கவாட்டில் திறந்து கிடந்தது, ஓரத்தில் வருகிற வெயிலை யார் தடுப்பார் என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். இப்படியே ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் பொன்ராசு மேல் தட்டிலிருந்து, பெயரும் ஊரும் அச்சடிக்காத ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். காதோடு வளைந்து அணைக்கிற கண்ணாடி, பின்னால் கயிறு கட்ட ஓட்டை வைத்தது, விலை முக்கால் கூடை மீன்தான். இஸ்ரவேல் அதைப் போட்டுக்கொண்டு சட்டிக்குள் பார்த்தார்.

பிறகு, "சூசை, தண்ணியக் கொட்டிட்டியா?" என்று கேட்டார்.

நான் சட்டியைத் தொடவே இல்லை என்றேன். அவர் விரலை உள்ளே விட்டு எடுத்தார். விரல் நனைந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், நானும் போட்டுப் பார்த்தேன். காய்ந்த சட்டியில் காய்ந்த சோழி ஐந்தும் கிடந்தன, ஒவ்வொன்றின் பல்லையும் எண்ணலாம் போல இருந்தது. நானும் விரலை விட்டேன், நனைந்தது. பொன்ராசு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்ல சரக்கு அண்ணாச்சி, கூச்சமே இருக்காது என்றார். கூச்சத்தை எடுக்கத்தானே கண்ணாடி, இது கூச்சத்தோடு தண்ணீரையும் சேர்த்து எடுத்துவிட்டது, மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக எடுக்கிறது என்று முடிவு செய்து, படகுக்கு ஒன்றும் தனக்கென்று தனியாக ஒன்றும் வாங்கிக்கொண்டார். சட்டியின் ஆழம் நான்கு விரல். நான்கு விரல் ஆழத்தில் விழுந்துவிடுவோம் என்று யாருக்கும் பயம் வராது. தவறு அங்கேதான் நடந்தது.

மறுநாள் எல்லாப் படகுகளும் சேர்ந்து போயின. அலை கடந்து பாருக்கு வந்து நங்கூரம் போட்டதும் கஸ்பார்தான் முதலில் கண்ணாடியை மாட்டினான். முட்டியை மடக்கி மெதுவாக உட்கார்ந்து, படகின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டான். இஸ்ரவேலும் மாட்டினார். படகு அந்தரத்தில் நின்றது. கீழே, வெகு கீழே, மணல் தேரி மணலைப் போல வரிவரியாகக் கிடந்தது. பார் ஒரு கரட்டுமேடு போல எழுந்து நின்றது. பாசி காற்றில்லாமல் ஆடியது. மீன்கள் கூட்டம் கூட்டமாக, காகம் சுற்றுகிற உயரத்தில் ஒன்று, கொக்கு பறக்கிற உயரத்தில் ஒன்று என்று படகுக்கு அடியில் சுற்றின. எஞ்சினின் விசிறி இலை ஒன்றுமில்லாத இடத்தில் அசைந்தது. எங்கள் படகின் நிழல் தரையில் ஒரு பனையோலை அளவு விழுந்து கிடந்தது. பக்கத்துப் படகுகளும் அப்படியே தொங்கின. ஏதோ ஒரு படகிலிருந்து அம்மா என்று ஒரு குரல் கேட்டது, பேரன் பேத்தி எடுத்த ஒருவருடைய குரல் அது. இஸ்ரவேல் குறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார், பனை உச்சியில் மூடியது போலவே.

ஆனால் அன்றைக்கு வந்த மீனை ஊர் பார்த்ததில்லை. கண்ணாடி போட்டவன் மீனின் வாயைப் பார்த்து, இரையை ஊட்டி விடுவது போல இறக்கினான். களவாவும் விளமீனும் ஏலக்கூடத்தில் வைக்க இடமில்லாமல் மணலில் ஓலை விரித்துப் போட்டார்கள். ஆகவே கண்ணாடியைத் தூக்கி எறிவது என்ற பேச்சே எழவில்லை. அதோடு எப்படிக் காலம் தள்ளுவது என்றுதான் பேசினார்கள்.

படகுக்கு ஒருவர் மட்டும் முறை வைத்துப் போட வேண்டும், போட்டவரிடம் என்ன தெரிகிறது என்று மற்றவர்கள் கேட்கக் கூடாது, போட்டவர் இடுப்பில் கயிறு கட்டிப் படகோடு முடிய வேண்டும் என்று கமிட்டி விதி வைத்தது. பெண்கள் பழைய வலைகளைப் பிரித்து இடுப்புக் கயிறு திரித்தார்கள். கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று நாலு பேர் பொன்ராசு கடைக்குப் போனார்கள். அவர் அதை மாட்டிக்கொண்டு துறைமுகம்வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ஒரு சோடா குடித்து, கொஞ்சநேரம் சுவரில் சாய்ந்திருந்து, கூச்சம் தெரியாது என்றுதான் நான் சொன்னேன், தண்ணீர் தெரியும் என்று சொல்லவில்லையே என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. பங்குச் சாமியாரிடம் இது தேவனுக்கு விரோதமா என்று கேட்டார்கள். அவர் ஒரு வாரம் யோசித்து, பேதுரு தண்ணீர் மேல் நடந்ததாக வேதத்தில் இருக்கிறது, தண்ணீரே இல்லாமல் நடக்கும்படி யாருக்கும் கட்டளை இல்லை, ஆகவே கயிற்றை நன்றாக முடிந்துகொள்ளுங்கள் என்றார்.

அளவும் மாறியது. அதுவரை நாங்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்லுவோம். இரண்டு கையையும் முழுக்க விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை ஒரு பாகம். நங்கூரக் கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். பாகத்துக்குள் யாரும் விழுந்ததில்லை. இப்போது ஒவ்வொருவரும் பார்த்துவிட்ட பிறகு, தெற்குப் பார் ஒரு பனை, நடுப் பார் ஒன்றரைப் பனை, அதற்கும் வெளியே இரண்டரைப் பனை என்று சொல்லத் தொடங்கினார்கள், சொல்லும்போதே காலை ஊன்றி நின்றுகொண்டார்கள். தேரிக்காட்டிலிருந்து பதநீர் கொண்டுவருகிற பனையேறிகள் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. முதல் வருசம் அப்படித்தான் இருக்கும், தொடையில் நல்லெண்ணெய் தேயுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

முதல் வருசம் போய் இரண்டாவதும் வந்தது. காசு வந்தது, ஓடு போட்ட வீடு காரை வீடானது, ஆனால் ஊர் அலுத்துப்போனது. ஆண்கள் கட்டிலில் படுக்க மாட்டாமல் தரையில் படுத்தார்கள். தரையிலும் வாசற்காலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார்கள். நாள் முழுக்கப் படகைப் பிடித்த கையில் சோற்றைப் பிசையத் தெம்பில்லை. கண்ணாடியைக் கழற்றினாலும் உயரம் கழலவில்லை. ஒருமுறை பார்த்தவனுக்கு அதன் பிறகு வெறுங்கண்ணிலும் கடல் ஒரு மெல்லிய துணி போலத்தான் தெரிந்தது. படகிலிருந்து குதித்துக் குளிப்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். சிக்கிய நங்கூரத்தை மூழ்கி எடுக்க ஆள் இல்லை, கயிற்றை அறுத்துவிட்டு வந்தார்கள். பெண்கள் கரையில் நின்று, தொங்குகிற புருசர்களை எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்து வீட்டுக்குப் போனார்கள். தலையில் நிறைகுடம் வைத்தவர்கள் போல ஊரே மெதுவாக நடந்தது. யாரும் சண்டை போடவில்லை. சண்டைக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும்.

இஸ்ரவேலின் கண்ணுக்கு மட்டும் குணம் தெரிந்தது. சிவப்பு குறைந்தது, வலது கண்ணின் சதை வளர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது, அடுத்த முகாமில் டாக்டரம்மா இரண்டு முறை பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். காரணம் கண்ணாடி பாதி, அவர் கண்ணைத் திறக்காமலே இருந்தது மீதி. கரையிலேயே கண்ணாடியை மாட்டுவார், படகில் ஏறியதும் மூடிக்கொள்வார், விரலில் ஓடுகிற நூலை வைத்தே தூண்டில் போடுவார்.

"மச்சான், கண்ணைக் காப்பாத்துறதுக்குக் கண்ணாடி வாங்கி, அதையும் போட்டுக்கிட்டுக் கண்ணை மூடியிருக்குற ஒரே ஆளு நீங்கதான்" என்று கஸ்பார் சொல்லுவான்.

"மூடியிருந்தா இன்னும் நல்லதுதான மாப்ள" என்பார் இவர்.

ஆனால் எங்கள் படகில் பார்க்கிற முறை இருவருக்கும் உரியது. இவர் கண் திறக்காததால் இவருடைய முறையையும் கஸ்பார்தான் பார்த்தான். அவனுடைய அக்கா இன்னாசியம்மாள் ஒருநாள் வந்து, ஏலே, அவரால முடியலடா, நீ பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அவன் இவரை முறைக்குக் கூப்பிடவில்லை. வாயால் மட்டும் கேலி செய்தான், கையால் இருவர் பங்குப் பிடியையும் பிடித்தான். இன்னாசியம்மாள் கொடுத்துவிடுகிற கஞ்சித் தூக்கை இஸ்ரவேல் அவன் பக்கமே நகர்த்தி வைப்பார். அவர் அறிந்த நன்றி அதுதான்.

தெற்குப் பாரில், சரியாக ஒரு பனை ஆழத்தில், ஒரு முற்பகலில் அது நடந்தது. கயிறு அறுத்து அறுத்துக் கஸ்பாருக்கு இடுப்பு புண்ணாகிப் போயிருந்தது, அன்றைக்குக் கட்டவில்லை. காற்று இல்லை. கடல் ஒரு பாத்திரத்தில் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. அவன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தடுக்கி விழுந்தான் என்றோ, மீன் இழுத்தது என்றோ என்னால் சொல்ல முடியாது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவனுடைய வலது கை முதலில் விட்டது, பிறகு இடது கை விட்டது. பிடித்துப் பிடித்து ஓய்ந்த கை, அவ்வளவுதான். சளக் என்று ஒரு சத்தம், பிறகு அந்த வெள்ளைத் தகடு திரும்பவும் மூடிக்கொண்டது.

கஸ்பார் நன்றாக நீந்துகிறவன். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு விட்டுப் பார்த்தேன். வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தகடு மட்டும். திரும்பினால், இஸ்ரவேல் கண்ணைத் திறந்திருந்தார். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்.

"இருக்கான்," என்றார். "பாரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். மேல பாக்கான்."

"ஏன் உதைச்சு எழும்ப மாட்டேங்கான்?"

"எதை உதைப்பான், சூசை? அவன் கண்ணுக்குத் தண்ணியே இல்லையே. உச்சியில இருந்து விழுந்தவன் மாதிரி இருக்கான்."

நான் குதிக்கிறேன் என்றேன். உனக்கு அவன் தெரிய மாட்டான் என்றார். அவ்வளவுதான் பேச்சு. சட்டையைக் கழற்றினார், கண்ணாடியின் கயிற்றைத் தலைக்குப் பின்னால் இறுக்கினார், ஓரத்தில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கவிட்டார். பிறகு நங்கூரக் கயிற்றை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, இரண்டு பாதத்தையும் கயிற்றின் இருபுறமும் ஒட்டி, தலைகுப்புறப் பாயாமல், பனையிலிருந்து இறங்குகிறவன் இறங்குவது போல, நெஞ்சைக் கொடுத்துக் காலை மாற்றி, காலை மாற்றி நெஞ்சைக் கொடுத்து இறங்கினார். கயிற்றின் மேல்நுனி என் கையில் இருந்தது. அவர் பிடி மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அது என் உள்ளங்கையில் துடித்தது. நடுவில் ஒருமுறை துடிக்காமல் நின்றது. அந்த இடத்தில்தான் அவர் கீழே பார்த்திருக்க வேண்டும். நான் ஜெபம் சொல்லத் தொடங்கி, அதில் அடுத்த வார்த்தை மறந்துபோய், முதலிலிருந்து தொடங்கினேன். பிறகு கயிறு மறுபடி துடித்தது.

அந்த இடத்தில் என்ன நடந்தது என்று பிற்பாடு அவர் கொஞ்சம் சொன்னார், ஒரே தடவை. அங்கே அவருக்குக் கை ஓய்ந்துவிட்டது, விட்டுவிட்டார். விட்டதும் பனையில் என்றால் உடம்பு கீழே போகும், இங்கே மேலே போகப் பார்த்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கக்கத்துக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கியது. இத்தனை வருசமும் அதுதான் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் பிறகு, இறங்குவதற்குத்தான் கயிற்றைப் பிடித்தாரே தவிர விழாமல் இருப்பதற்குப் பிடிக்கவில்லை.

கீழே போய்க் கஸ்பாரின் கையைப் பிரித்துப் பார்த்தார், அவன் விடவில்லை. பாறையைக் கட்டிக்கொண்டு கன்னம் உப்பி, கண் பிதுங்கி, இவரைப் பார்த்தான். மரத்தைக் கட்டிக்கொண்டவன் கையைப் பிரிக்க முடியாது என்று இவருக்குத்தான் தெரியுமே. கையை விட்டுவிட்டு, அவன் முகத்திலிருந்த கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தார். அந்தக் கணமே கஸ்பாரைச் சுற்றித் தண்ணீர் வந்துவிட்டது. உடம்பு தானாக நினைவுக்கு வந்து, பாறையை ஒரு உதை உதைத்து மேலே எழும்பியது.

அவன் முதலில் வந்தான், பிறகு இவர் வந்தார். இரண்டு பேரையும் நான் உள்ளே இழுத்துப் போட்டேன். கஸ்பார் கக்கி, இருமி, வெகுநேரம் கழித்துப் பேசினான்.

"மச்சான். எப்படி இறங்குனீங்க?"

"எங்கப்பா இறங்குற மாதிரி," என்றார் இஸ்ரவேல். கல்யாணப் பந்தியிலிருந்து வாங்கிய கேலிக்கெல்லாம் சேர்த்து அவர் சொன்ன பதில் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கஸ்பார் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இப்போதும் எங்கள் ஊரில் கண்ணாடி போடுகிறார்கள். ஆனால் போட்டவர் ஒரு காலைப் படகுக்கு வெளியே தொங்கவிட்டு நனைத்துக்கொண்டே இருப்பார். கால் ஈரமாக இருக்கும்வரை உயரம் அண்டாது என்பதைக் கண்டுகொண்டோம். இடுப்புக் கயிறுகள் துணி காயப்போடுகிற கொடியாகிவிட்டன. கஸ்பாரின் கண்ணாடி தெற்குப் பாரில் அப்படியே மல்லாந்து கிடக்கிறது. வேறு கண்ணாடி போட்டுப் பார்த்தால், பாசி படராமல், போகிற வருகிற படகுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். யாரும் எடுக்கவில்லை.

அன்றைக்கு நாங்கள் கரை சேர்ந்தபோது செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. கமிட்டிக்காரர்கள் வந்தார்கள், எத்தனை பனை என்று கேட்டார்கள். இஸ்ரவேல் படகை விட்டு இறங்கி, கொஞ்சதூரம் நடந்து, அதற்கு மேல் முடியாமல் மணலில் உட்கார்ந்தார். இன்னாசியம்மாள் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். தம்பியைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள். "எவ்வளவு ஆழங்க?" என்று அவளும் கேட்டாள்.

அவர் இரண்டு கையையும் விரித்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் ஊர் பார்க்க வெட்கப்பட்டு ஓரடி பின்வாங்கினாள்.

"இதுல எட்டு," என்றார். "முடிச்சு முடிச்சா எண்ணிக்கிட்டுத்தான் போனேன். பனை எல்லாம் இல்ல. எட்டுப் பாகம்."

சொல்லிவிட்டு, விரித்த கையை மடக்கவும் தெம்பில்லாமல், அப்படியே மணலில் மல்லாந்து சாய்ந்து, எதையும் பிடித்துக்கொள்ளாமல் தூங்கிப்போனார்.